ஞானம் வந்த பிறகும் நின்ற தடுப்பு

(அருப்புக்கோட்டையில் கல்லூரி மாணவர்களும் இளம் தொழிலாளர்களும் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"தியானம் மனிதரை நிரந்தரமாக மாற்றுமா?" என்று நீங்களே தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். சாதி ஒழிப்பு பேசுகிற கூட்டத்தில் இப்படி ஒரு தலைப்பா என்று சிலர் முகம் சுளித்ததையும் பார்த்தேன். எனக்கு இது பொருத்தமான தலைப்பாகத்தான் படுகிறது. கைப்பேசியைத் திறந்தால் ஒரு சாமியார் வருகிறார். உட்கார், மூச்சைக் கவனி, நீ இந்த உடம்பு இல்லை, சாதி என்பது உன் மனதில் இருக்கும் கற்பனை, அதை விட்டுவிடு என்கிறார். மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் பையனும் அதைக் கேட்கிறான், கல்லூரிக்குப் போகும் பெண்ணும் கேட்கிறாள். "எல்லாம் பித்தலாட்டம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். ஆனால் உட்கார்ந்து பார்த்தவருக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. நமக்கு அது நடக்கவில்லை என்பதற்காக அவருக்கும் நடக்கவில்லை என்று நாம் சொல்ல முடியாது.

எனவே நம் ஊர் ஆளையே எடுத்துக்கொள்வோம். இந்த விஷயத்தில் உலகம் அறிந்த ஆள் ஒருவர் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்திருக்கிறார்.

நான் திருச்சுழிப் பக்கத்துக்காரன். வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறையாத வருசங்கள், சீமைக்கருவேலம், கரிமூட்டம். திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது. சுந்தர மந்திரம் என்று பெயர். வெள்ளைக்காரர்கள்கூடக் கார் பிடித்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கண் மூடி உட்கார்ந்திருப்பார்கள். 1879 டிசம்பர் 30 அன்று அந்த வீட்டில் பிறந்தவர் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. அப்பா சுந்தரம் அய்யர் திருச்சுழியில் வக்கீல் தொழில் பார்த்தவர். அவர் 1892இல் இறந்ததும் பையன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தான்.

1896 ஜூலை. பையனுக்கு வயது 16. மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தவனைத் திடீரென்று சாவு பயம் பிடிக்கிறது. நோய் எதுவும் இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, "இந்த உடம்பு செத்துவிட்டால் நானும் செத்துவிடுவேனா?" என்று தனக்குள் கேட்டுப் பார்க்கிறான். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சில நிமிடத்தில் வந்த தெளிவு பிறகு தன்னை விட்டுப் போகவே இல்லை என்று கடைசிவரை சொன்னார். 1950 ஏப்ரல் 14 அன்று இறந்தார். 54 ஆண்டுகள். ஆறு வாரமாகத் திருவண்ணாமலைக்குப் போகாமல் இருந்தவன் ஆகஸ்ட் 29 அன்று கிளம்பிவிட்டான். செப்டம்பர் 1 அன்று அங்கே போய்ச் சேர்ந்தான். அன்றைக்கே தலையை மழித்தான், கையில் மீதி இருந்த காசை எறிந்தான், கூடவே பூணூலையும் அறுத்து எறிந்தான்.

இதை நான் நம்புகிறேன். பணம் சேர்க்காத, ஆள் பிடிக்காத ஒரு மனிதர் 54 ஆண்டுகள் ஒரே சொல்லில் நின்றார் என்றால் அவருக்குள் ஏதோ நிலையாக மாறியிருக்கிறது. பார்ப்பனக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பையன் தானாகவே பூணூலை அறுத்ததைச் சின்ன விஷயம் என்றும் சொல்ல மாட்டேன். அவருக்குள் நடந்தது உண்மை என்று வைத்துக்கொண்டுதான் மேலே பேசப் போகிறேன். எனக்கு இருக்கும் கேள்வி வேறு: அவரைச் சுற்றி என்ன மாறியது?

முதலில் மதுரையைப் பார்ப்போம். சாவு அனுபவத்துக்குப் பிறகு, ஊரைவிட்டுப் போகும்வரை, பையன் மாலையானால் மீனாட்சி கோயிலுக்குப் போவான். அறுபத்து மூவர் சிலைகளுக்கு முன் நின்று கண்ணீர் விடுவான். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் உருக்கமாக எழுதும் இடம் இது. அந்த அறுபத்து மூவரில் ஒருவர் நந்தனார். கல்லாகச் சமைந்த நந்தனார் கோயிலுக்கு உள்ளே இருக்கிறார். நந்தனாரின் மக்கள் வெளியே நிற்கிறார்கள். அதே கோயிலுக்குள் வைத்தியநாத அய்யரோடு 5 தலித்துகளும் ஒரு நாடாரும் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. பையன் அழுது நின்றதற்கு 43 ஆண்டுகளுக்குப் பிறகு.

பையனைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பதினாறு வயதில் ஒருவர் அழுதால் அது அவருடைய அழுகை. நான் சொல்ல வருவது, ஞானத்துக்கும் வாசல், வழி, முற்றம் எல்லாம் இருக்கின்றன என்பதைத்தான். தனியாக உட்கார ஒரு மாடி வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு ஓடாத ஒரு மத்தியானம் வேண்டும். யாரும் விரட்டாமல் நிற்க ஒரு பிரகாரம் வேண்டும். அதே 1896இல் அதே வயதில் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த நம் பாட்டனுக்கும் சாவு பயம் வந்திருக்கும். அவன் அதை எங்கே போய் விசாரித்திருப்பான்?

அடுத்தது கமுதி. குண்டாறு திருச்சுழியைத் தாண்டிக் கமுதிப் பக்கம் போகிறது, நாமும் அதன் கூடவே போவோம். 1893இல் விவேகானந்தர் சிகாகோ போவதற்கு ஊக்கமும் உதவியும் தந்தவர்களில் முக்கியமானவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் திரும்பி வந்து பாம்பனில் இறங்கியபோது மன்னரே நேரில் போய் வரவேற்றார். எல்லா உயிரிலும் ஒரே ஆன்மா என்று உலகத்துக்குச் சொன்னவரின் வண்டியைத் தானும் சேர்ந்து இழுத்தார்.

அதே ஆண்டு மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் குடும்பத்தார் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? அதே பாஸ்கர சேதுபதி. நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்தபோது, அவர் வண்டி இழுத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. மதுரையில் தோற்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் நாடார்கள் தோற்றார்கள். இடையில் 1899இல் சிவகாசிக் கலவரம். ஊர்கள் எரிந்தன.

இதில் இன்னொன்றையும் நாம் மறைக்கக் கூடாது. அந்த வழக்கில் நாடார்கள் வைத்த வாதம் எல்லோரும் சமம் என்பதாக இல்லை. நாங்கள் சத்திரியர்கள், ஆகவே எங்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் வாதம். ஏணியை அவர்கள் கேள்வி கேட்கவில்லை, தங்கள் படியைத்தான் கேட்டார்கள். அந்த வாதத்தில் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று அழைக்கப்பட்டவர்களுக்கு இடமே இல்லை. கோயில் கதவில் அடிபட்டவர்களே அடுத்தவருக்கு இன்னொரு கதவைச் சாத்திய கதையை இந்தப் பக்கத்து ஊர்களில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி திருவண்ணாமலைக்குப் போவோம். ரமணாசிரமத்தின் உணவுக்கூடம். ரமணரோடு வாழ்ந்தவர்களே, அவரைக் கடவுளாகக் கும்பிட்டவர்களே எழுதி வைத்த செய்தி இது. சாதி ஆசாரம் விடாத பார்ப்பனர்கள் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் மறுபக்கம், நடுவில் ஒரு தடுப்பு. இரண்டு பக்கத்தாரும் பார்க்கும்படியாக ரமணர் உட்கார்ந்திருப்பார். அடுப்படியில் சமைப்பவர்கள் பார்ப்பனர்கள்.

தட்டில் விழுவதை எல்லாம் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்டவர் அவர். நாய், குரங்கு, அணில் எல்லாவற்றையும் பெயர் சொல்லியும், மனிதர்களைச் சொல்வதுபோலவும் அழைத்தவர். ஆரம்ப நாட்களில் யார் வீட்டுச் சோற்றையும் வாங்கிச் சாப்பிட்டவர். 1936இல் ஆசிரமச் சொத்து வழக்கில் சாட்சியம் கேட்டபோது, நீங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு "அதியாச்சிரமம்" என்று பதில் சொன்னார். பிரம்மச்சரியம் முதல் சந்நியாசம் வரையான நான்கு நிலைகளையும் கடந்தவன் என்று அர்த்தம். சட்டப்படி அப்படியொரு நிலை உண்டா என்று வக்கீல்கள் சாத்திரம் புரட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1938இல் எழுதிய உயிலில் ஆசிரம நிர்வாகம் தம்பிக்கும் தம்பியின் வாரிசுகளுக்கும் போயிற்று.

தன் மேல் இருந்த நூலை அறுத்தவரின் பந்தியில் தடுப்பு நின்றது. அவர் வைத்த தடுப்பு அல்ல, அவர் இருக்கும்போதே நின்ற தடுப்பு.

பக்தர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். ஞானிக்குப் பேதம் தெரியாது, அவர் உலக விவகாரத்தில் தலையிடுவதில்லை, ஆசாரக்காரர்களும் வந்து பயன்பெறட்டும் என்று விட்டுவிட்டார் என்பார்கள். சமூகத்தைத் திருத்தப் போகிறேன் என்று வந்தவர்களுக்கு, முதலில் உன்னை அறிந்துகொள் என்பதே ரமணர் திரும்பத் திரும்பச் சொன்ன பதில். ஆசாரக்காரரின் மனம் நோகக் கூடாது என்று பார்த்தார்கள், சரி. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவரின் மனம்? "உனக்குத்தான் மனமே இல்லையே, நீ ஆத்மா ஆயிற்றே" என்று அவருக்கு மட்டும் சொல்வார்களா?

இது ஒரு ஆசிரமத்தின் குறை என்று சுருக்கிவிடாதீர்கள். ஜப்பானில் ஜென் குருமார்கள் பலர், விழிப்பு பெற்றவர்கள் என்று மதிக்கப்பட்டவர்கள், இரண்டாம் உலகப் போரில் பேரரசின் படையெடுப்பை ஆதரித்தார்கள். பிரையன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட நூலில் அவர்களுடைய எழுத்தையும் பேச்சையும் எடுத்துக் காட்டினார். அவர் தானே ஒரு ஜென் துறவி. அந்த குருமார்களின் விழிப்பு பொய் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விழிப்பு இருந்தது, கூடவே படைவெறியும் இருந்தது என்பதுதான் சங்கடம்.

அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். தியானம் மூளையையே மாற்றி அமைக்கிறது என்று விளம்பரம் வருகிறதே. இந்தத் துறையில் பேர்போன ரிச்சர்ட் டேவிட்சனின் குழு 2022இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 8 வாரப் பயிற்சி எடுத்தவர்களின் மூளை அமைப்பில் மாற்றம் எதையும் அவர்களால் காண முடியவில்லை. அதற்காக ஒன்றுமே நடப்பதில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. 2014இல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், 6 வாரம் அன்புத் தியானம், அதாவது மைத்ரி தியானம், பழகியவர்களுக்குக் கறுப்பினத்தார் மீதும் வீடற்றவர் மீதும் இருந்த மறைமுக வெறுப்பு குறைந்தது. அதே மைத்ரியைப் பற்றிப் பேசி மட்டும் கலைந்த குழுவுக்கு அப்படிக் குறையவில்லை. என்னைப் போல் மேடையில் பேசுகிறவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சேதி இது. பேச்சு மட்டும் போதவில்லை, பழக்கம் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருந்த ஒருவரின் மனதை. அவர் எழுந்து போய் யாருக்கு வீடு வாடகைக்கு விட்டார், யாருக்குப் பெண் கொடுத்தார் என்பதை அது அளக்கவில்லை.

நம் ஊரில் சாதி மனதில் மட்டும் இல்லை. பந்தியில் இருக்கிறது, கிணற்றில் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதையில் இருக்கிறது, பத்திரப் பதிவில் இருக்கிறது. ஒருவர் மனதை முழுக்கக் கழுவிவிட்டாலும் இந்த இடங்களில் அது பத்திரமாக இருக்கும். மறுநாள் காலையில் அவர் இலை முன் உட்காரும்போது எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. இங்கே ஒரு நூற்பாலையில் வேலை. ஒரு தியான வகுப்புக்குப் போய் ஓராண்டாக விடாமல் காலையில் உட்காருகிறான். குடியை விட்டுவிட்டான். தூக்கம் வருகிறது. அவனுடைய அய்யா கரிமூட்டம் போடுகிறவர். எழுபதைத் தொடப் போகிற மனிதரை முதலாளி வீட்டுச் சின்னப் பையன் பெயர் சொல்லி வாடா போடா என்பான். முன்பெல்லாம் அதைச் சொல்லும்போது இவனுக்குக் கை நடுங்கும். ஒரு நாள் டீக்கடையில் சொன்னான்.

"அண்ணே, இப்பல்லாம் கோவமே வர்றதில்லண்ணே. எங்க அய்யாவ அவன் கூப்பிடுறான், நான் பக்கத்துலதான் நிக்கிறேன். உள்ள ஒண்ணும் ஆடல."

"உனக்கு ஆடல. உங்க அய்யாவுக்கு?"

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத நான் கேக்கலண்ணே" என்றான்.

அவனைத் தியானத்தை விடச் சொல்லி நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? சாதி நம் பிள்ளைகளுக்குள் என்னென்ன செய்து வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். கூச்சம், தன்னைத்தானே வெறுப்பது, ஊர்ப் பெயரைச் சொல்லவே தயங்குவது, பாட்டிலைத் தேடுவது. இந்தக் காயத்தை ஆற்ற உட்கார்வது ஒருவருக்கு உதவினால் உட்காரட்டும். மன அமைதி பார்ப்பனர்களுக்கும் பணக்காரர்களுக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லை. ஆனால் மருந்துக்கும் மயக்க மருந்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. வலி நின்றதா, உணர்வே நின்றதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தம்பி இப்போதும் காலையில் உட்காருகிறான். போன மாதம் அய்யாவைக் கூட்டிக்கொண்டு போய், நிறுத்தி வைத்திருந்த கூலிக்குக் கணக்குக் கேட்டிருக்கிறான். சத்தமே போடவில்லையாம். அந்தச் சின்னப் பையன் இன்னும் மரியாதையாகக் கூப்பிட ஆரம்பிக்கவில்லை. கணக்கு நோட்டை மட்டும் எடுத்துக் காட்டினார்களாம்.

உள்ளே நடக்கும் மாற்றத்தை வெளியே இழுத்து வந்த பாதைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர். 1833இல் திருச்செந்தூர்க் கடலில் அவருக்கு ஒரு மாற்றம் நேர்ந்ததாக அய்யாவழி மரபு சொல்கிறது. பிறகு ஆறு ஆண்டு தவம். அதில் இரண்டு ஆண்டு சாதிக்காகச் செய்த தவம் என்று அந்த மக்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். தவம் கலைந்து எழுந்தவர் எல்லாச் சாதிக்கும் பொதுவாகக் கிணறு வெட்டினார், எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்துச் சோறு போட்டார், தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். வடக்கே வடலூரில் வள்ளலார். அவருடைய அனுபவம் எவ்வளவு ஆழமானது என்று அளக்க என்னிடம் கோல் இல்லை. 1867இல் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை, அங்கே சோற்றுக்குச் சாதி கேட்பதில்லை. இதை மட்டும் என்னால் பார்க்க முடிகிறது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர். தலித் குடும்பத்தில் பிறந்து துறவு பூண்டவர். நந்தனார் பெயரால் 1916இல் அவர் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். நீ தீண்டத்தகாதவன் இல்லை, நீ பழைய பௌத்தன் என்று ஒரு சமூகத்தின் நினைவையே திருப்பி எழுதினார். நனவு மாற்றம் என்றால் இதுவும் நனவு மாற்றம்தான். தனி ஒருவருக்குள் நடந்த மாற்றம் அல்ல, ஒரு சேரி முழுக்க நடந்த மாற்றம்.

அண்ணல் அம்பேத்கர் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார். அவர் இறந்த பிறகு 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் மதத்துக்கும் தம்மத்துக்கும் கோடு போடுகிறார். மதம் தனி ஆளின் சொந்த விவகாரம். தம்மம் அப்படி இல்லை. தனியாக இருக்கும் மனிதனுக்குத் தம்மம் தேவைப்படாது. இரண்டு பேர் சேர்ந்து வாழும்போதுதான் அது தேவைப்படும் என்கிறார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கவில்லை. ஒருவர் குரலை ஒருவர் கேட்கும்படி 22 உறுதிமொழிகளை வாய்விட்டுச் சொன்னார்கள். மறுநாள் காலையில் வீட்டிலிருந்த சாமி படங்களை என்ன செய்வது, கல்யாணத்தை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த மாற்றம் எழுபது ஆண்டாக நிற்கிறது என்றால், அது தலைக்குள் மட்டும் நடக்கவில்லை என்பதுதான் காரணம்.

எனவே நாளைக்கு ஒரு குரு, ஒரு வகுப்பு, ஒரு செயலி உங்களைக் கூப்பிட்டால் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போங்கள், போய்ப் பாருங்கள். பேரின்பம் வந்ததா, ஒளி தெரிந்ததா என்று அவர்கள் கேட்பார்கள். நீங்கள் வேறு சில கேள்விகளோடு போங்கள். இங்கே யார் சமைக்கிறார்கள், யார் கழிப்பறை கழுவுகிறார்கள்? நிர்வாகத்தில் யார் யார் பெயர் இருக்கிறது? நில ஆவணம் யார் பெயரில் இருக்கிறது? இங்கே வந்து சந்தித்த இரண்டு பேர் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டால் இந்த இடம் அவர்களுக்கு அடைக்கலம் கொடுக்குமா, பெற்றோருக்குத் தகவல் கொடுக்குமா? என் கோபத்தை அடக்கச் சொல்கிறவர், என்னைக் கோபப்படுத்தியவரிடமும் எதையாவது விடச் சொல்கிறாரா?

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் கூட்டங்கள் பேச்சோடு முடிந்துவிடுகின்றன. பேசி மட்டும் கலைந்த குழு மாறவில்லை என்று சற்று முன் சொன்னேன். நாமும் பழக வேண்டும். இந்தக் கூட்டம் முடிந்ததும் சாப்பாடு இருக்கிறது என்று சொன்னார்கள். ஒரே தெருக்காரர்கள் ஒன்றாக உட்காராமல் கலந்து உட்காருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தை இந்த மண்டபத்தில் வைக்காமல் ஒரு காலனி வீட்டில் வையுங்கள். அங்கே சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, அதற்கடுத்த மாதம் ஊருக்குள் இருக்கும் ஒரு தோழர் வீட்டில், அவர் வீட்டு அடுப்படிக்குள் எல்லோரும் போய்வரும்படி வையுங்கள். அம்மா என்ன சொல்வாரோ என்று இப்போதே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள், தெரிகிறது. அந்த அம்மாவோடு பேசுவதிலிருந்து தொடங்குங்கள்.

ஜெய் பீம்.